இரவில் வீடு புகுந்த வழக்கு: திருடும் எண்ணத்தை மேல்முறையீட்டில் எதிர்ப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது. 2023-ல் ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு, கேட்பவரின் தம்பி அடுத்த தெருவில் ஒரு வீட்டின் சமையலறையில் பிடிபட்டிருக்கிறார். சுற்றுச்சுவர் ஏறிக் குதித்து, தாழ்ப்பாள் போடாத பின்கதவு வழியாக உள்ளே போயிருக்கிறார். எதுவும் திருடு போகவில்லை. சட்டைப்பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தது. குடிபோதையில் வீடு மாறிவிட்டேன் என்பது அவர் சொல்வது. மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டம் 457-ன் கீழ் இரண்டு ஆண்டு சிறை விதித்துவிட்டது. "ஒன்றும் எடுக்காதவனுக்குத் திருடும் எண்ணம் இருந்தது என்று யார் நிரூபிக்க வேண்டும்? மேல்முறையீட்டில் இதை உடைக்க முடியுமா?"

நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்புதான். உடைக்க வழியும் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் வழி அது இல்லை என்று தோன்றுகிறது. "ஒன்றும் எடுக்கவில்லையே" என்பதை முதல் வாதமாக வைத்தால், முதல் ஐந்து நிமிடத்திலேயே நீதிபதியின் கவனத்தை இழந்துவிடுவீர்கள்.

ஏனென்றால் 457 திருட்டைத் தண்டிக்கும் பிரிவே அல்ல. சிறைத்தண்டனைக்குரிய ஒரு குற்றத்தைச் செய்வதற்காக, இரவில், மறைந்து அல்லது உடைத்து வீடு புகுவதைத் தண்டிக்கிற பிரிவு. உள்ளே கால் வைத்த நொடியில், உரிய எண்ணம் இருந்தால், குற்றம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பீரோ காலியாக இருந்தாலும், வீட்டுக்காரர் விழித்துக்கொண்டாலும் கணக்கில் வராது. முயற்சிக் குற்றத்தைப் பேசும் 511-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டிலேயே, நகை திருடப் பெட்டியை உடைத்து, உள்ளே நகை இல்லாமல் ஏமாந்தவனும் குற்றவாளிதான். திருடு போகாததால் உங்களுக்குக் கிடைக்கிற நன்மை வேறு: எண்ணத்தைக் காட்ட அரசுத் தரப்பின் கையிலிருக்கும் மிக வலுவான சான்று, அதாவது திருட்டுப் பொருள், இந்த வழக்கில் இல்லை. வேறு சூழ்நிலைகளைக் கொண்டுதான் அவர்கள் எண்ணத்தைக் கட்ட வேண்டும். உங்கள் மேல்முறையீடு நிற்க வேண்டிய இடம் அந்தக் கட்டுமானம்.

முதலில் அந்தப் பிரிவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அடித்தளம் 441, அத்துமீறல். இன்னொருவர் அனுபவத்திலிருக்கும் இடத்துக்குள் குற்றம் செய்யும் எண்ணத்தோடோ, அங்கிருப்பவரை மிரட்ட, அவமதிக்க, தொல்லை கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடோ நுழைவது. அந்த இடம் குடியிருப்பாகவோ வழிபாட்டுத் தலமாகவோ பொருள் வைக்கும் கட்டடமாகவோ இருந்தால் 442, வீட்டு அத்துமீறல். தன்னை வெளியேற்ற உரிமை உள்ளவர்களிடமிருந்து மறைந்துகொள்ள முன்னேற்பாடு செய்திருந்தால் 443, மறைந்து வீடு புகுதல். சட்டம் வரையறுக்கும் ஆறு வழிகளில் ஒன்றில் நுழைந்திருந்தால் 445, கன்னமிடுதல், அதாவது உடைத்து வீடு புகுதல். சூரிய அஸ்தமனத்துக்குப் பின், உதயத்துக்கு முன் என்றால் இரவு. 443, 445 இரண்டில் ஒன்றோடு இரவும் சேர்ந்து, நோக்கம் சிறைத்தண்டனைக் குற்றமாக இருந்தால்தான் 457. அதிகபட்சம் 5 ஆண்டு. நோக்கம் திருட்டு என்றால் 14 ஆண்டு வரை. முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட்டால் மூன்று ஆண்டுக்கு மேல் விதிக்க முடியாது என்பதால் அந்த 14 பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுவிடும். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு இதே சரக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 329 முதல் 331 வரை இருக்கிறது. 457-க்கு இணையானது 331-இன் நான்காம் உட்பிரிவு. உங்கள் தம்பி வழக்கு 2023 என்பதால் பழைய எண்களிலேயே பேசுகிறேன்.

இந்த அடுக்கில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, எண்ணம் என்பது 457-இல் மட்டும் வருகிற கூடுதல் சங்கதி இல்லை. அடித்தளமான 441-லேயே இருக்கிறது. எந்தத் தவறான எண்ணமும் நிரூபணமாகவில்லை என்றால் வெறும் அத்துமீறலைத் தண்டிக்கும் 447-கூட நிற்காது. அது சிவில் தகராறு, அவ்வளவுதான். இரண்டு, எண்ணத்துக்குப் போகும் முன்பே நுழைவின் முறையில் ஓட்டை இருக்கலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பின்கதவு தாழ்ப்பாள் போடாமல் இருந்தது. சுவர் ஏறி வீட்டுக்குள் நுழைவது 445-இன் ஆறு வழிகளில் ஒன்றுதான். ஆனால் ஏறியது வீட்டின் சுவரா, தோட்டத்தைச் சுற்றிய மதிலா? மதில் ஏறியது வளாகத்துக்குள் வர. வீட்டுக்குள் வந்தது திறந்த கதவு வழியாக. இதில் வாதத்துக்கு இடம் உண்டு. அதேபோல இருட்டில் வந்தது மட்டுமே மறைந்து வந்ததாகிவிடாது, மறைவதற்கு அவர் ஏதாவது செய்திருக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் பலமுறை சொன்ன நிலைப்பாடு. இந்த இரண்டிலும் வென்றால் 457 நேராக 451-க்கோ (குற்றம் செய்ய வீடு புகுதல்) 448-க்கோ (வெறும் வீட்டு அத்துமீறல்) இறங்கிவிடும். விசாரணையில் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். தீர்ப்பில் "சுவர் ஏறிக் குதித்து" என்ற ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

இனி எண்ணம். மனதுக்குள் இருப்பதற்கு நேரடி சாட்சி கிடையாது. எல்லா வழக்கிலும் சூழ்நிலையிலிருந்து ஊகிப்பதுதான். நேரம், நுழைந்த விதம், கையில் இருந்தது, பிடிபட்ட இடம், பிடிபட்டபோது பேசியது, ஓடினாரா நின்றாரா, வீட்டில் ஆள் இருப்பது தெரியுமா, வீட்டுக்காரரோடு முன்பழக்கம் உண்டா. இவற்றின் எடை ஒன்று போல இருக்காது. என் அனுபவத்தில், பிடிபட்ட இடம்தான் பேசப்படாமல் போகிற, ஆனால் மிக அதிகம் பேசக்கூடிய சூழ்நிலை. பீரோ முன்னால் நின்றவனும் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தவனும் ஒன்றல்ல. முதல் தகவல் அறிக்கையில் "சமையலறையில்" என்று இருந்து, சாட்சிக் கூண்டில் "படுக்கையறை பீரோ பக்கத்தில்" என்று மாறியிருந்தால், அது சின்ன முரண்பாடு கிடையாது. எண்ணத்தின் உயிர்நாடியில் நடந்த மாற்றம். சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜரையும் மாதிரி வரைபடத்தையும் எடுத்து அளவு பாருங்கள்.

ஸ்க்ரூடிரைவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் மாஜிஸ்ட்ரேட் தூணாக நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். மூன்று கேள்வி. அது எங்கே, யார் முன்னிலையில் எடுக்கப்பட்டது? பிடித்த வீட்டுக்காரர் அதைப் பார்த்ததாகச் சொன்னாரா, அல்லது ஸ்டேஷனில் கிராம நிர்வாக அலுவலரும் கிராம உதவியாளரும் கையெழுத்துப் போட்ட மகஜரில்தான் முதன்முதலாக வருகிறதா? அப்படியென்றால் அந்தப் பொருளின் பிறப்பே சந்தேகம். அடுத்து, அது எந்தத் தேதியில் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது? மூன்றாவது, உங்கள் தம்பி என்ன வேலை செய்கிறார்? மின்பணியோ வண்டி ரிப்பேரோ பார்ப்பவர் பையில் ஸ்க்ரூடிரைவர் இருப்பது இயல்பு. அதே ஆள் கையில் வளைந்த கம்பியும் கையுறையும் கொத்துச்சாவியும் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். கதவு திறந்தே இருந்ததால் அந்த ஸ்க்ரூடிரைவர் பயன்படவும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பில் "நள்ளிரவில் அந்நியர் வீட்டில் நுழைந்தவன் திருடத்தான் வந்திருப்பான், வேறு காரணத்தைக் காட்ட வேண்டியது எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்)" என்ற பொருளில் ஒரு பத்தி கண்டிப்பாக இருக்கும். இது தவறு என்று ஒரே வார்த்தையில் தள்ள முடியாது, சட்டத்தில் அதற்கு ஒரு வேர் இருக்கிறது. சாட்சியச் சட்டம் 106, ஒருவரின் தனிப்பட்ட அறிவில் மட்டும் இருக்கும் சங்கதியை அவரே நிரூபிக்க வேண்டும் என்கிறது. அதன் முதல் எடுத்துக்காட்டு நம் விஷயத்தையே தொடுகிறது: ஒரு செயலின் தன்மையும் சூழ்நிலையும் காட்டுகிற எண்ணத்தைத் தவிர வேறு எண்ணத்தோடு அதைச் செய்ததாகச் சொல்பவர், அந்த வேறு எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். புதிய பாரதிய சாட்சிய அதினியத்தில் இது 109. அரசு வழக்கறிஞர் இதை எடுப்பார், தயாராக இருங்கள்.

பதில் இரண்டு படி. 1956-ல் ஷம்பு நாத் மெஹ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், 106 அரசுத் தரப்பின் அடிப்படைச் சுமையை இறக்கி வைக்க வந்த பிரிவு இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. செயலும் சூழ்நிலையும் முதலில் ஒரு குறிப்பிட்ட எண்ணத்தைக் காட்ட வேண்டும். அதைக் காட்டுவது அரசுத் தரப்பின் வேலை. பூட்டை உடைத்து பீரோவைத் திறந்தால் அந்தச் செயலே திருட்டைச் சொல்லும். திறந்த கதவு வழியாகச் சமையலறைக்குள் வந்து நின்றது தானாக எதைச் சொல்கிறது? இரண்டாம் படி, சுமை எதிரி மேல் வந்தாலும் அது அரசுத் தரப்பின் சுமை அளவுக்கு இருக்காது. விளக்கம் நம்பத் தகுந்ததாக இருந்தால் போதும், சந்தேகத்துக்கு இடமில்லாத அளவு வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில் வலுவான பழைய தீர்ப்பு ஒன்றும் இருக்கிறது. 1889-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம், கைலாஷ் சந்திர சக்கரவர்த்தி வழக்கில், அழைப்பும் உரிமையும் இல்லாத அந்நியன் நடுராத்திரியில் ஒரு குடும்பப் பெண்ணின் படுக்கையறைக்குள் நுழைந்து, பிடிக்க வந்தபோது பலத்தைப் பயன்படுத்தித் தப்பப் பார்த்திருந்தால், 441 சொல்லும் எண்ணத்தோடுதான் நுழைந்தான் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்றது. இன்றும் அரசுத் தரப்பு இதைத் தேடி எடுக்கும். அந்தத் தீர்ப்பின் தாங்குதூண்களை எண்ணிப் பாருங்கள்: படுக்கையறை, தப்பிக்க வன்முறை. உங்கள் வழக்கில் அவை இரண்டும் இல்லையென்றால் அதை மேற்கோள் காட்டி பயமுறுத்த முடியாது. உங்கள் தம்பி பிடிபட்டபோது தள்ளிவிட்டு ஓடினாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஓடியிருந்தால் அது பாதகம்தான். ஆனால் ஓட்டம் மட்டுமே குற்ற மனதுக்குச் சான்று இல்லை. ராத்திரி ஒன்றரை மணிக்கு "திருடன்" என்று நாலு பேர் கம்போடு வந்தால் திருடாதவனும் ஓடுவான்.

மறுபக்கம் உங்களுக்கு உதவுகிற தீர்ப்பு, மாத்ரி எதிர் பஞ்சாப் மாநிலம், 1964-ல் வெளியானது. வீட்டுக்காரருக்குத் தொல்லை ஏற்படும் என்று தெரிந்து நுழைந்தது மட்டும் போதாது. தொல்லை கொடுப்பதே நுழைவின் நோக்கமாக இருந்தது என்று நீதிமன்றம் திருப்தி அடைய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். விளைவு தெரியும் என்பது நோக்கத்தை ஊகிக்க ஒரு சூழ்நிலையாகலாம், அதுவே நோக்கமாகிவிடாது. "திருட்டு நிரூபணமாகாவிட்டால் என்ன, தொல்லை கொடுக்கும் எண்ணம் இருந்ததே" என்று, இரவில் மறைந்தோ உடைத்தோ வீடு புகுவதை மட்டும் தண்டிக்கும் 456-க்கு இறக்கிவிடப் பார்க்கும் வாதத்துக்கு இதுதான் மருந்து.

இந்த இடத்தில் ஒரு கிளைப் பேச்சு. "காதலியைப் பார்க்கப் போனேன்" என்ற எதிர்வாதம் இந்த வகை வழக்குகள் அளவுக்கே பழையது. முன்பு அதில் ஒரு பொறி இருந்தது: அந்தப் பெண் திருமணமானவர் என்றால், 497-இன் கீழ் பிறன்மனை உறவும் சிறைத்தண்டனைக் குற்றமாக இருந்ததால், திருட்டிலிருந்து தப்பிக்கச் சொன்ன காரணமே வேறொரு குற்ற எண்ணத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். 2018 செப்டம்பர் 27-ல் ஜோசப் ஷைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 497-ஐ ரத்து செய்தபின் அந்தப் பொறி இல்லை. புதிய சட்டத்திலும் அது கிடையாது. உங்கள் வழக்குக்கு இது பொருந்தாது. வக்கீல் யாராவது "இப்படி மாற்றிச் சொல்லிப் பார்க்கலாமா" என்று யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகவே சொன்னேன். மேல்முறையீட்டில் புதுக் கதை எடுபடாது. எதிர்ப்பக்கம் சிரித்துவிடும்.

குடிபோதைக்கு வருகிறேன். சட்டம் இதில் ஒரு நுணுக்கமான கோடு போட்டிருக்கிறது. தன் விருப்பமின்றி, தெரியாமல் போதையேற்றப்பட்டவருக்குத்தான் தண்டனைச் சட்டம் 85 முழு விலக்கு தருகிறது. தானே குடித்தவருக்கு 86. அவர் நிதானமாக இருந்திருந்தால் எந்த அறிவு இருந்திருக்குமோ அந்த அறிவு இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அறிவைத்தான் அப்படி ஏற்றிச் சொல்கிறது; குறிப்பிட்ட எண்ணத்தை ஏற்றிச் சொல்லவில்லை. 1956-ல் பாஸ்தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிப்பை விளக்கி, எண்ணத்தைப் போதையின் அளவையும் சேர்த்து மொத்தச் சூழ்நிலையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் குற்றவாளி தோற்றார், ஏனென்றால் அவர் எழுந்து நடந்து பேசும் அளவுக்குத் தெளிவாக இருந்தார் என்று சாட்சியம் இருந்தது. 457 கேட்பது குறிப்பிட்ட நோக்கம். ஆகவே வீடு மாறிப் போகும் அளவு போதை என்பது, நம்பப்பட்டால், நோக்கத்தையே அடிக்கிறது.

நம்பப்பட்டால். இங்கேதான் எனக்குக் கவலை. மதிலேறிக் குதிக்க முடிந்தவருக்குத் தன் வீடு எது என்று தெரியாதா என்று நீதிபதி கேட்பார். தன் வீட்டுக்கு யாராவது மதிலேறிப் போவார்களா என்றும் கேட்பார். பதில் இருக்கலாம்: நேரம் கழித்துக் குடித்துவிட்டு வந்தவர் வீட்டில் எழுப்பப் பயந்து பின்பக்கமாகப் போகிற பழக்கம் உள்ளவர், இரண்டு வீடும் ஒரே மாதிரி அமைப்பு, இப்படி. ஆனால் அந்தப் பதில் வழக்குப் பதிவில் எங்காவது இருக்க வேண்டும். அன்றிரவு போலீஸ் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனதா? விபத்துப் பதிவேட்டிலோ மருத்துவர் குறிப்பிலோ மது வாசனை என்று எழுதியிருக்கிறதா? வீட்டுக்காரர் குறுக்கு விசாரணையில் "தள்ளாடினார்", "வாடை வந்தது" என்று ஒப்புக்கொண்டாரா? அரசுத் தரப்பு சாட்சியின் வாயிலிருந்து வந்த ஒரு வரி, எதிரி தரப்பில் நிறுத்தும் பத்து சாட்சிக்குச் சமம்.

அடுத்து, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 313-ன் கீழ் நீதிபதி எதிரியிடம் நேரடியாகக் கேட்கும் கேள்விகளுக்கு உங்கள் தம்பி சொன்ன பதில். பெரும்பாலோர் "பொய் வழக்கு, பொய் சாட்சி" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கும் ஜூனியரும் அதையே சொல்லச் சொல்வார். அவரும் அப்படிச் சொல்லி, அங்கே போகவே இல்லை என்று மறுத்திருந்தால், இப்போது போதையில் போனேன் என்பது எடை குறைந்துவிடும். முழுக்கச் செத்துவிடாது. எதிரி ஒன்றை மறுத்திருந்தாலும், அரசுத் தரப்புச் சாட்சியத்திலேயே அவருக்குச் சாதகமான விளக்கம் தெரிந்தால் நீதிமன்றம் அதைப் பார்த்தாக வேண்டும். இன்னொன்று: ஸ்க்ரூடிரைவர் பற்றியோ பீரோ பற்றியோ 313-ல் அவரிடம் கேட்கவே இல்லை என்றால், அந்தச் சூழ்நிலையை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. 1984-ல் சரத் பிர்திசந்த் சர்தா தீர்ப்பு இதைச் சொல்கிறது. சூழ்நிலைச் சாட்சிய வழக்குக்கான ஐந்து கோட்பாடுகளும் அதே தீர்ப்பில்தான் வருகின்றன: குற்றம் என்ற ஒரே முடிவைத் தவிர வேறு நியாயமான விளக்கத்துக்குச் சங்கிலி இடம் தரக் கூடாது. பிந்தைய தீர்ப்புகள் 313 குறைபாட்டால் பாதிப்பு ஏற்பட்டது என்று காட்டச் சொல்கின்றன. அந்தச் சூழ்நிலையின் மேல்தான் தண்டனையே நிற்கிறது என்று காட்டுங்கள், பாதிப்பு தானே தெரியும்.

இப்போது மேல்முறையீடு எப்படி வேலை செய்கிறது என்பது. அமர்வு நீதிமன்றத்தில் வருவது முதல் மேல்முறையீடு. சட்டம் மட்டுமல்ல, சங்கதியையும் புதிதாக எடைபோட வேண்டிய கடமை அந்த நீதிமன்றத்துக்கு உண்டு. பதம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியிருக்கிறது. வக்கீல் வரவில்லை என்று பதிவைப் பார்க்காமல் தள்ளுபடி செய்யவும் முடியாது. பானி சிங், 1996. நடைமுறையில் மேல்முறையீட்டு நீதிபதிக்கு ஒரு தயக்கம் இருக்கும்: சாட்சியை நேரில் பார்த்தவர் மாஜிஸ்ட்ரேட், முகத்தைப் பார்த்து நம்பினார், நான் எப்படி மாற்றுவது? அந்தத் தயக்கம் நியாயமானது. அதனால்தான் எல்லா சாட்சியும் பொய் என்று ஆரம்பிக்கும் மேல்முறையீட்டு மனுக்கள் பத்தோடு பதினொன்றாகப் போய்ச் சேர்கின்றன.

ஆனால் எண்ணம் என்பது சாட்சி சொல்லும் சங்கதி கிடையாது. நிரூபணமான சங்கதிகளிலிருந்து நீதிபதி எடுக்கும் ஊகம். ஊகிப்பதில் சாட்சியை நேரில் பார்த்தவருக்கு எந்தக் கூடுதல் வசதியும் இல்லை. மேல்முறையீட்டு நீதிபதியும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே உங்கள் வக்கீலிடம் நான் சொல்லச் சொல்வது இது: வீட்டுக்காரர் சொன்னதை ஒத்துக்கொள்ளுங்கள். இரவு, மதில், சமையலறை, எல்லாம் சரி. "இவை அத்தனையும் உண்மையென்றே வைத்துக்கொண்டால்கூட, திருட வந்தார் என்ற ஒரே முடிவுதானா வருகிறது?" என்று கேளுங்கள். நீதிபதி யாரையும் பொய்யர் என்று எழுத வேண்டியதில்லை, மாஜிஸ்ட்ரேட்டின் நம்பிக்கையைக் கலைக்க வேண்டியதில்லை. விடுதலை எழுதுவது அவருக்கு எளிதாகிறது. ஸ்க்ரூடிரைவர், பிடிபட்ட இடம் ஆகிய இரண்டில் மட்டும் சாட்சியத்தைத் தாக்குங்கள். மற்றதில் கை வைக்க வேண்டாம்.

இதை இங்கேயே செய்துவிட வேண்டும். இங்கே தோற்றால் அடுத்தது உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு. அங்கே ஊகத்தை மறுபடி எடைபோட மாட்டார்கள், தீர்ப்பு அறிவுக்கு ஒவ்வாத அளவு கோணலாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஜெயித்தால் அரசோ பாதிக்கப்பட்டவரோ விடுதலையை எதிர்த்துப் போகலாம். ஆனால் இரண்டு பார்வைக்கு இடமிருந்தால் விடுதலையைக் கலைக்கக் கூடாது என்பது சந்திரப்பா எதிர் கர்நாடகா, 2007.

திருட்டுப் பொருள் கைப்பற்றப்பட்ட வழக்கோடு இங்கே வந்து படிப்பவர்களுக்குச் சுருக்கமாக: உங்கள் நிலைமை கடினம். திருட்டு நடந்த சற்று நேரத்தில் பொருள் கையில் இருந்தால் அவர் திருடனோ, தெரிந்தே வாங்கியவரோதான் என்று அனுமானிக்கலாம் என்கிறது சாட்சியச் சட்டம் 114-இன் முதல் எடுத்துக்காட்டு. புதிய சட்டத்தில் 119. அனுமானிக்கலாம், கட்டாயமில்லை. எவ்வளவு நாள் "சற்று நேரம்" என்பது பொருளைப் பொறுத்தது. ரொக்கம் கைமாறும், அடையாளமுள்ள நகை அவ்வளவு எளிதில் கைமாறாது. எரபத்ரப்பா வழக்கில், 1983, ஓராண்டு கழித்துக் கிடைத்ததைக்கூட எதிரி தலைமறைவாக இருந்ததால் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கைப்பற்றுதலில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தின் எந்தப் பகுதி செல்லும் என்பதற்கு 1947-ன் புலுகுரி கோட்டையா தீர்ப்பே இன்றும் அளவுகோல்: பொருள் இருந்த இடத்தையும் அது அவருக்குத் தெரியும் என்பதையும் காட்டும் பகுதி மட்டும். "நான்தான் திருடினேன்" என்ற வாக்கியம் தீர்ப்பில் ஏறியிருந்தால் அதை அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

பழைய வழக்குகள் உங்கள் தம்பிமேல் இருந்தால், அவை அவருடைய எண்ணத்துக்குச் சான்றாகத் தீர்ப்பில் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். எதிரி தன் நன்னடத்தையை முன்வைக்காத வரை, கெட்ட நடத்தை என்பது சாட்சியமே ஆகாது. "இதே போல் பல வழக்குகளில் சம்பந்தப்பட்டவர்" என்ற ஒரு வரி ஆய்வாளரின் சாட்சியத்தில் ஒட்டிக்கொண்டு தீர்ப்புக்குள் போவதைப் பார்க்கலாம்.

எதிர்பார்ப்பு என்னவாக இருக்க வேண்டும்? முழு விடுதலை சாத்தியம். அதைவிடச் சாத்தியமானது இறக்கம். 457-லிருந்து 448-க்கு இறங்கினால் உச்சபட்சமே ஓராண்டு அல்லது 1,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். பெரிய குற்றச்சாட்டில் அடங்கிய சிறிய குற்றத்துக்குத் தண்டிக்க குற்றவியல் நடைமுறைச் சட்டம் 222 இடம் கொடுக்கிறது. 448 சமரசத்துக்குரிய குற்றம். வீட்டுக்காரர் சம்மதித்தால், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அனுமதியோடு அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 457-ல் அந்தக் கதவு கிடையாது. அடுத்த தெருக்காரர் என்கிறீர்கள், இந்த வழியை மறக்காதீர்கள். ஆனால் தீர்ப்பு வரும் முன் அவரைப் போய்ப் பார்த்து வற்புறுத்தக் கூடாது. அது வேறு வழக்காகிவிடும். தண்டனை உறுதியானாலும் 1958-ன் நன்னடத்தைச் சட்டத்தின் கீழ், முதல் குற்றம் என்றால் சிறைக்குப் பதில் பத்திரத்தில் விடுவிக்கும்படி கேட்கலாம். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு. இந்தக் கோரிக்கையை மனுவிலேயே மாற்று வேண்டுகோளாக எழுதிவிடுங்கள்.

கால வரம்பு தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள். நகல் பெறப் பிடித்த நாள்கள் கழிக்கப்படும். தீர்ப்பின் நகலை எதிரிக்கு இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். விசாரணையின்போது ஜாமீனில் இருந்திருந்தால், தண்டனை மூன்று ஆண்டுக்குள் என்பதால் மேல்முறையீடு செய்யும் வரை தண்டனையை நிறுத்திவைக்க மாஜிஸ்ட்ரேட்டே உத்தரவிட்டிருப்பார். அந்தக் கெடு முடியும் முன் அமர்வு நீதிமன்றத்தில் தண்டனை நிறுத்த மனுவும் போட வேண்டும். எல்லா சாட்சியங்களின் நகலோடு பார்வை மகஜர், வரைபடம், 313 பதில்கள், பொருள்கள் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்ட தேதி ஆகியவற்றின் நகலுக்கும் இன்றே விண்ணப்பியுங்கள். வக்கீலைப் பார்க்கப் போகும்போது வரைபடத்தை மேலே வைத்து எடுத்துப் போங்கள்.